தாத்தா புகைபிடித்த பழைய பீங்கான் பைப் கறையும் நாற்றமுமாக இருக்கிறது. அடியில் ‘கௌடா’ என்று முத்திரை இருக்கிறது. சிங்கப்பூரில் எங்கே கொடுத்துப் புதுப்பிக்கலாம்?

எங்கேயும் கொடுக்க வேண்டாம், வீட்டிலேயே செய்துவிடலாம். அழுக்கும் நாற்றமும் போனால் போதும் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். வெள்ளை வெளேரென்று ஆக்கப் பார்த்தால்தான் இந்தச் சாமான் கெடும்.

அடியில் ‘கௌடா’ என்று முத்திரை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நெதர்லாந்தில் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே களிமண் பைப் செய்த ஊர் அது. அங்கே பின்னாளில் வந்த பீங்கான் பைப்புகளில் பல இரட்டைச் சுவர் கொண்டவை. வெளியே பளபளப்புப் பூச்சு, உள்ளே பூச்சில்லாத வெறும் மண், நடுவில் காற்று. கையில் சூடு ஏறாமலிருக்க இந்த ஏற்பாடு. உள்சுவர் எதையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். இடைவெளிக்குள் போன ஈரம் நம் ஊர்ப் புழுக்கத்தில் லேசில் வெளியே வராது.

உப்பையும் ஆல்கஹாலையும் பைப்பில் புகையிலை திணிக்கும் கிண்ணத்தில் நிரப்பி ஒரு ராத்திரி வைக்கச் சொல்வார்கள். அது மரப் பைப்புக்கான வைத்தியம், இதற்கு ஆகவே ஆகாது. உப்பு நுண்துளைகளில் இறங்கி, காயும்போது படிகமாகி, பூச்சைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். பிளீச்சிலும் அதே ஆபத்து உண்டு. கத்தியால் சுரண்டவும் வேண்டாம்.

பைப் கிளீனரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் புகை வரும் துளையில் விட்டு இழுங்கள். கைவேலைக் கடையில் பிள்ளைகளுக்கு விற்கும் பஞ்சுக் கம்பியே போதும். முதலில் பால் சேர்க்காத கோப்பி ஓ நிறத்தில் வரும், போகப்போக வெளுக்கும். கிண்ணத்தின் உள்பக்கத்தை அதே ஆல்கஹால் தொட்ட காதுக்குச்சியால் துடைத்தால் போதும். அடுப்புப் பக்கம் மட்டும் போகாதீர்கள், ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும். அப்புறம் மின்விசிறிக் காற்றில் சில நாள் விட்டுவிடுங்கள்.

வாயில் வைக்கும் பகுதி பச்சையும் பழுப்புமாக இருந்தால் அது அழுக்கல்ல. அந்தப் பகுதி கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வெளிச்சமும் ஈரமும் பட்டுப்பட்டு மேல்பரப்பு மாறியிருக்கிறது. 800, 1000, 2000 என்று நுண்ணிய உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டு வரிசையாகத் தேயுங்கள். தேய்க்கும்போது கந்தக வாடை வீசினால் பயப்பட வேண்டாம். கடைசியில் வெள்ளைப் பற்பசை வைத்து மெருகேற்றினால் கறுப்பு திரும்பிவிடும். சுடுதண்ணீர் மட்டும் கூடாது, வளைவு நிமிர்ந்துவிடும். பீங்கானில் நுழையும் இடத்தில் தக்கை இருந்தால் துளி வாசலின் தடவுங்கள். இறுகியிருந்தால் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டுக் காத்திருங்கள். முறுக்கினால் பீங்கான் கழுத்து போய்விடும்.

பூச்சில் ஓடும் பழுப்பு மயிரிழை விரிசல்களை நானாக இருந்தால் தொட மாட்டேன். தாத்தா விட்ட புகைதான் அதில் ஏறியிருக்கிறது. உங்களுக்கு உறுத்தினால், மருந்துக் கடையில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்த பஞ்சை ஓரமாகச் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். தங்கக் கோடோ கையால் தீட்டிய படமோ இருக்கும் இடத்தில் அதுவும் வேண்டாம்.

திரும்பப் புகைக்கிற எண்ணம் இருந்தால், காய்ந்ததும் நகத்தால் தட்டிக் கேளுங்கள். ‘டிங்’ என்றால் சரி, மந்தமாகக் கேட்டால் எங்கோ விரிசல் இருக்கிறது, அலமாரியோடு சரி. அப்படியே நல்ல நிலையில் இருந்தாலும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலும் வீடுகளுக்கு முன்னுள்ள பொது நடைபாதையிலும் 2013 முதல் புகைக்கத் தடை. ஜொகூரிலிருந்து புகையிலை வாங்கி வந்தால், கொஞ்சமானாலும் சோதனைச் சாவடியில் சொல்லி வரி கட்டிவிடுங்கள். புகையிலைக்கு வரிச் சலுகை கிடையாது.