14 பை-இன் போன பிறகு எந்த மேசையில் உட்காருவது?

கேள்வி: நோ-லிமிட் ஹோல்டெம் என்ற போக்கர் சீட்டாட்டம் ஆடுகிறேன். முதல் 60,000 ஹேண்டுகளில் (சீட்டு பகிர்ந்து ஆடும் சுற்றுகளில்), நூறு ஹேண்டுக்கு 5 பிக் பிளைண்ட் (சுற்றின் தொடக்கத்தில் வைக்கும் பெரிய கட்டாயப் பந்தயம்) வீதம் லாபம் கிடைத்தது. அடுத்த 12,000 ஹேண்டுகளில் 14 பை-இன் (மேசையில் உட்காரும்போது கொண்டுபோகும் தொகை) போய்விட்டது. 30 பை-இன்னாக இருந்த பேங்க்ரோல் (ஆட்டத்துக்கென ஒதுக்கிய பணம்) இப்போது 16. பெரிய மேசைக்கு ஏறி, இழந்ததைப் பிடிப்பதா, இங்கேயே தொடர்வதா?

பதில்: இரண்டும் வேண்டாம், பாதி பிளைண்ட் உள்ள மேசைக்கு இறங்குங்கள்.

ஒரு பை-இன் என்பது 100 பிக் பிளைண்ட் என்றும், நூறு ஹேண்டுக்குத் திட்ட விலக்கம் (முடிவுகள் சராசரியிலிருந்து ஏறி இறங்கும் அளவு) 90 பிக் பிளைண்ட் என்றும் வைத்துக்கொள்வோம். உண்மையிலேயே 5 வீதம் ஈட்டக்கூடியவர்கூட 12,000 ஹேண்டுகளின் முடிவில் நஷ்டத்தில் நிற்பதற்கு ஏறத்தாழ 27 சதவீத வாய்ப்பு உண்டு. 14 பை-இன் இழப்புக்கான வாய்ப்பு சுமார் 2 சதவீதம்தான் என்றாலும், நீங்கள் குறிப்பிடுவது 72,000 ஹேண்டுகளுள் தேடியெடுத்த மிக மோசமான பகுதி என்பதால், அது பார்வைக்குத் தெரிவதைவிடச் சாதாரணமான நிகழ்வே.

ஆனால் இதில் நீங்கள் ஆறுதல் அடைவதை நான் விரும்பவில்லை. பலரும் ஏற்றத்தைத் திறமைக்கும் இறக்கத்தை அதிர்ஷ்டத்துக்கும் எழுதிவைக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தால் உங்கள் வீதம் 5 அல்ல, 2.2, அதிலும் ஏறக்குறைய 3.4 அளவுக்குத் திட்டப்பிழை (அந்த மதிப்பீட்டில் உள்ள நிச்சயமின்மை) இருக்கிறது. அதாவது, நீங்கள் லாபம் ஈட்டும் ஆட்டக்காரர்தானா என்பதே இன்னும் உறுதிப்படவில்லை. வீதம் பூஜ்யமாகவோ அதற்குக் கீழாகவோ இருந்தால், எவ்வளவு பெரிய பேங்க்ரோலும் ஒருநாள் கரைந்தே தீரும்.

வீதம் 2.2 என்றே கொண்டால், 16 பை-இன்னுடன் இங்கேயே தொடரும்போது பணம் முழுவதும் கரைய ஏறத்தாழ 42 சதவீத வாய்ப்பு உள்ளது. பாதி மேசையில் அதே பணம் 32 பை-இன் ஆகிறது. வாய்ப்பு 18 சதவீதமாகக் குறைகிறது. அங்கே எதிராளிகள் பலவீனமானவர்களாக இருந்து வீதம் 4 ஆக உயர்ந்தால், அது 4 சதவீதத்துக்கு வந்துவிடும். இரட்டிப்பு பிளைண்ட் உள்ள மேசைக்கு ஏறினால் 8 பை-இன்தான் கையில் இருக்கும். உங்கள் பழைய 5 வீதத்தையே அங்கேயும் எட்டினாலும் 37 சதவீதம். இவை எல்லாமே வீட்டுச் செலவுக்கு இதிலிருந்து ஒன்றும் எடுக்காதவரைதான் பொருந்தும்.

ஒரே அமர்வில் 3 பை-இன் போனால் எழுந்துவிடுங்கள். நல்ல ஆட்டம் ஆடுகிறவருக்கு அந்த வரம்பால் கணக்கு மாறாது. டில்ட்டில் (இழப்பால் நிதானம் தவறி) ஆடுகிறவருக்கு மாறும், தாம் டில்ட்டில் இருப்பதை அவரே கடைசியாகத்தான் உணர்கிறார். அந்த 12,000 ஹேண்டுகளில் ஆல்-இன் ஆன (கையிலுள்ள முழுவதையும் வைத்த) பெரிய பாட்களை, அதாவது பந்தயத் தொகைகளை, மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். ஏஸ் ஜோடி கிங் ஜோடியிடம் தோற்றவை போன்றவற்றை ஒதுக்கிவிடலாம், அது 100-க்கு 18 முறை நடப்பதே. ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு விழுந்தபின்) எதிராளியின் பந்தயத்தைக் கால் செய்து, அதாவது ஈடாகப் பணம் வைத்து, இழந்தவைதான் அதிகம் என்றால், திருத்த வேண்டியது பேங்க்ரோலை அல்ல.

பழைய மேசைக்குரிய 25 பை-இன் சேர்ந்த பிறகு திரும்புங்கள். அங்கே மீண்டும் 20-க்குக் குறைந்தால், அன்றைக்கே இறங்கிவிடுங்கள்.