ஒப்படைத்த துப்பாக்கிகளால் வன்முறை குறையுமா? கேள்வி பதில்

மக்களிடம் இருக்கும் துப்பாக்கிகளை அரசு திரும்பப் பெற்று அழிப்பதால் பலன் உண்டா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒப்படைப்பு மையத்திலும் அழிப்புக் கூடத்திலும் சில வருடங்கள் வேலை பார்த்திருக்கிறேன். தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். குறைகிறதா, இல்லையா?

வெறுமனே வாங்கி உடைப்பதால் குறைவதில்லை. கொடுத்தவர் அடுத்த வாரமே இன்னொன்று வாங்க முடியாதபடி சட்டம் கதவை அடைத்திருந்தால் குறைய வாய்ப்பு உண்டு.

1974இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் ஒரு துப்பாக்கிக்கு 50 டாலர் கொடுத்தது. சுமார் 13,500 வந்து குவிந்தன. ஆனால் அந்த மாதங்களில் துப்பாக்கிக் கொலைகள் கூடத்தான் செய்தன. சியாட்டிலில் 1992இல் 1,172 துப்பாக்கிகள் வாங்கினார்கள். ஆய்வு செய்து பார்த்ததில் குற்றத்திலோ காயத்திலோ குறைவு தெரியவில்லை. பல அமெரிக்க நகரங்களின் தரவுகளைச் சேர்த்து 2021இல் வந்த ஆய்வுக்கும் அதே முடிவுதான் கிடைத்தது. இதில் வியக்க ஒன்றும் இல்லை. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தொட்டியை இறைத்தால் வேறென்ன நடக்கும்?

கேள்வி: ஆஸ்திரேலியாவை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அங்கேயும் பலன் இல்லை என்று சிலர் வாதாடுகிறார்கள். யார் சொல்வது சரி?

இரண்டு தரப்பிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

1996 ஏப்ரல் 28இல் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒரே ஆள் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். இரண்டே வாரத்துக்குள் பிரதமர் ஜான் ஹோவர்ட் எல்லா மாநிலங்களையும் ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். தானாகக் குண்டேறும் ரைபிள்களும் பம்ப் வகை ஷாட்கன்களும் பொதுமக்கள் வைத்திருக்கத் தடை வந்தது. எல்லாத் துப்பாக்கிகளையும் பதிவு செய்ய வேண்டும், உரிமம் கேட்பவர் தக்க காரணம் காட்ட வேண்டும், வாங்குமுன் 28 நாள் காத்திருக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் வந்தன. இவற்றோடு சேர்ந்துதான் இழப்பீட்டுத் திட்டமும் வந்தது. மருத்துவ வரியை ஓராண்டுக்கு 0.2 சதவீதப் புள்ளி உயர்த்தி அந்தப் பணத்தில் சுமார் 6,50,000 துப்பாக்கிகளை வாங்கி அழித்தார்கள். நாட்டில் இருந்தவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

போர்ட் ஆர்தர் வரையிலான 18 ஆண்டுகளில் ஐந்து பேரோ அதற்கு மேலோ பலியான துப்பாக்கிச் சூடுகள் 13 நடந்திருந்தன. அதற்குப் பிறகு 2018 வரை ஒன்றுகூட இல்லை. துப்பாக்கித் தற்கொலைகள் வெகுவாகக் குறைந்தன. ஆட்கணக்கில் அதிகத் துப்பாக்கிகள் திரும்பி வந்த மாநிலங்களில் அந்தக் குறைவும் அதிகமாக இருந்தது. இந்தச் சான்றைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். நாடு முழுவதும் ஏதோ ஒரு காரணத்தால் எல்லாம் குறைந்தது என்று இதைத் தள்ளிவிட முடியாது.

மறுதரப்பின் வாதம் கொலைகளைப் பற்றியது. துப்பாக்கிக் கொலைகள் 1996க்கு முன்பே இறங்கிக்கொண்டிருந்தன. துப்பாக்கி இல்லாத கொலைகளும் பிறகு குறைந்தன. ஆகவே கொலை குறைந்ததற்கு இந்தத் திட்டம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்றும் உண்டு: இன்று அங்கே இருக்கும் துப்பாக்கிகளின் எண்ணிக்கை 1996இல் இருந்ததைத் தாண்டிவிட்டது. ஒருமுறை அழித்துவிட்டு அப்புறம் பார்க்காமல் விடுகிற வேலை இல்லை இது.

கேள்வி: அண்ணா, ரவுடி எவனாவது வரிசையில் நின்று துப்பாக்கியைக் கொடுப்பானா? நல்லவர்கள் மட்டும்தானே கொடுப்பார்கள்?

பெரும்பாலும் அப்படித்தான் தம்பி. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். திட்டத்தில் வந்தவை பழைய, சிறிய ரக ரிவால்வர்கள். கொலைகளில் சிக்கியவை பெரும்பாலும் புதிய, பெரிய ரகம்.

ஆனால் "நல்லவர்கள் கொடுத்தால் என்ன பயன்" என்கிற முடிவுக்கு நான் வர மாட்டேன். ஒரு மதியம் மையத்துக்கு வயதான அம்மா ஒருவர் வந்தார். கையில் கிழிந்த போர்வைச் சுருட்டு. மேசையில் வைத்து மெதுவாகப் பிரித்தார். உள்ளே இரட்டைக் குழல் துப்பாக்கி. மடக்கிப் பார்த்தேன், இரண்டு குழலிலும் தோட்டா அப்படியே இருந்தது. கணவர் இறந்த நாள் முதல் கட்டிலுக்கு அடியில் கிடந்ததாம். எத்தனை வருடம் என்று கேட்டேன். பதில் சொல்லாமல், "பேரன் இப்போ தவழ ஆரம்பிச்சிட்டான்" என்றார். ரசீதுகூட வேண்டாம் என்று எழுந்து போனார். அந்தத் துப்பாக்கி எந்தக் குற்றப் புள்ளிவிவரத்திலும் வந்திருக்காது. ஆனாலும் அன்று அது அந்த வீட்டைவிட்டு வெளியே வந்தது எனக்குப் பெரிய விஷயம்.

கேள்வி: தற்கொலை குறைகிறது என்கிறீர்கள். முடிவு எடுத்தவர் வேறு வழி தேட மாட்டாரா?

எல்லோரும் அப்படி நினைக்கிறோம், அது தவறு. அந்த வேகம் பலருக்குச் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான் இருக்கும். துப்பாக்கி கையில் இருந்தால் மனம் மாற அவகாசமே கிடைப்பதில்லை. முயன்று பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை.

2006இல் இஸ்ரேல் ராணுவம், வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் இளம் வீரர்கள் ஆயுதத்தை முகாமிலேயே விட்டுப் போக வேண்டும் என்று விதி போட்டது. எதையும் வாங்கவில்லை, அழிக்கவும் இல்லை. தற்கொலைகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. வார இறுதியில் வீட்டில் நடந்தவை வார நாட்களுக்கு மாறவும் இல்லை.

உங்கள் வீட்டில் யாராவது மனம் உடைந்திருந்தால் திட்டம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆயுதம் இன்றே வீட்டைவிட்டு வெளியே போகட்டும். அவருக்குப் பக்கத்தில் இருங்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கேள்வி: பிரிட்டனில் கைத்துப்பாக்கியைத் தடை செய்த பிறகு துப்பாக்கிக் குற்றம் ஏறியதாமே?

ஆம், சில வருடங்கள் ஏறியது. 1996இல் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஆசிரியை ஒருவரும் கொல்லப்பட்ட பிறகு சுமார் 1,62,000 கைத்துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன. அவை பதிவில் இருந்த, உரிமம் பெற்ற துப்பாக்கிகள். தெருக் குற்றங்களில் புழங்கியவையோ கடத்தி வந்தவையும் பொம்மைத் துப்பாக்கியை மாற்றிச் செய்தவையும். ஒப்படைப்பு அந்தக் கடத்தல் வழியைத் தொடவே இல்லை. ஆனால் உரிமம் பெற்ற துப்பாக்கியால்தான் டன்பிளேன் நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது. அந்த வாசலை அடைத்தது சரியான வேலை.

கேள்வி: பணம் கொடுத்தால் ஏமாற்ற மாட்டார்களா?

ஏமாற்றுவார்கள். 2022இல் நியூயார்க் மாநிலத்தில் ஒருவர் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் துப்பாக்கி பாகங்களைக் குவியலாக அச்சடித்துக் கொண்டுவந்து சுமார் 21,000 டாலர் பெறுமான பரிசு அட்டைகளோடு போனார். அதன் பிறகு விதியை மாற்றினார்கள். பணத்தைவிடக் கெடுவுக்கு மதிப்பு அதிகம் என்பது என் கருத்து. 2023 மே மாதம் செர்பியாவில் அடுத்தடுத்த நாட்களில் இரண்டு துப்பாக்கிச் சூட்டுப் படுகொலைகள் நடந்தன. ஒரு மாதத்துக்குள் கொடுத்தால் வழக்கு இல்லை, அப்புறம் பிடிபட்டால் சிறை என்றது அரசு. முதல் வாரத்திலேயே 13,500க்கும் மேற்பட்ட ஆயுதங்கள் வந்தன. காசு கொடுக்கவில்லை.

கேள்வி: எப்படி அழிக்கிறீர்கள்? உண்மையில் அழிகிறதா?

இதை யாரும் கேட்பதே இல்லை, கேட்டதற்கு நன்றி. முதலில் குண்டு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். வரிசை எண்ணைக் குறித்து, படம் எடுத்து, ஏதாவது வழக்கில் தேடப்படுவதா என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் கேஸ் கட்டர். குழலை நேராக அறுத்தால் ஒட்ட வைத்துவிடலாம். ஆகவே சாய்வாக, ஒரு விரல் அகலத்துக்கு இரும்பு உருகிச் சொட்டும்படி வெட்டுவோம். நடு உடலிலும் குண்டறையிலும் அதே மாதிரி. மிச்சம் உலைக்கு.

சேமிப்பு அறைக்கும் உலைக்கும் நடுவில்தான் திருட்டு நடக்கும். உள்ளே வந்த எண்ணும் உலைக்குப் போன எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்தத் திட்டத்தை நம்பாதீர்கள். அமெரிக்காவில் வரிசை எண் பொறித்த நடுப்பகுதியை மட்டும் நசுக்கினால் சட்டப்படி அது அழிக்கப்பட்ட துப்பாக்கி. சில இடங்களில் மற்ற பாகங்கள் விற்பனைக்குப் போயிருக்கின்றன. அழியட்டும் என்று நம்பிக் கொடுத்தவர்களுக்குச் செய்த துரோகம் அது.

நன்றாகச் செய்த இடமும் உண்டு. கொலம்பியாவில் 2017இல் ஃபார்க் என்ற கிளர்ச்சி இயக்கம் ஐ.நா.விடம் கொடுத்த ஆயுதங்களை உருக்கி, டோரிஸ் சல்செடோ என்ற கலைஞர் தரை ஓடுகளாக வார்த்தார். போரில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் தகடுகளைச் சுத்தியலால் அடித்து அவற்றுக்கு அச்சு உருவாக்கினார்கள். போகட்டாவில் அந்தத் தரைமேல் இன்று மக்கள் நடக்கிறார்கள்.

கேள்வி: 1987இல் இலங்கையிலும் ஆயுதம் ஒப்படைத்தார்கள். என்ன ஆயிற்று?

ஜூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம், ஆகஸ்ட் தொடக்கத்தில் பலாலியில் விடுதலைப் புலிகளின் ஆயுத ஒப்படைப்பு, அக்டோபரில் இந்திய அமைதிப் படைக்கும் புலிகளுக்கும் போர். ஆயுதத்தைக் கீழே வைத்த பிறகு உயிருக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு எல்லோரும் நம்பக்கூடிய பதில் இல்லாதபோது, ஒப்படைப்பு பெயரளவில்தான் நடக்கும். வட அயர்லாந்தில் 1998 அமைதி உடன்பாட்டுக்குப் பிறகும் ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுதக் குழு ஆயுதங்களை முழுதாகக் கைவிட 2005 ஆயிற்று. கனடா நாட்டு ஜெனரல் ஒருவர் தலைமையிலான குழு மேற்பார்த்தது, கத்தோலிக்கர் ஒருவரும் புராட்டஸ்டன்ட் ஒருவருமாக இரண்டு மத குருமார்கள் கண்ணால் பார்த்துச் சாட்சி சொன்னார்கள். ஏழு வருடம் பொறுத்தது வீண் போகவில்லை.

கேள்வி: இறந்துபோன தாத்தாவின் துப்பாக்கி பரணில் இருக்கிறது. என்ன செய்வது?

தொடாதீர்கள். குண்டு இருக்கிறதா என்று நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். பழைய தோட்டா எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. அறையைப் பூட்டிவிட்டுக் காவல் நிலையத்துக்கு போன் செய்து, வந்து எடுத்துப் போகச் சொல்லுங்கள். நீங்களாகப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், வழியில் சோதனை நடந்தால் விளக்குவது கஷ்டம். ஒப்படைத்ததும் வரிசை எண் எழுதிய ரசீது வாங்குங்கள். சில மாதம் கழித்து அழித்தாயிற்றா என்று அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.