கடைசி முறையாக வரும் திருவிழா ராட்டினத்தை எப்படி வழியனுப்பலாம்?

கேள்வி: கோல சிலாங்கூர் பக்கம் ஓர் எஸ்டேட் டவுன். மாரியம்மன் திருவிழாவுக்கு வருசா வருசம் திடலில் நிற்கும் 12 தொட்டி ராட்டினம் இந்த ஆண்டோடு சரி, பழைய இரும்புக்குப் போடப்போகிறேன் என்று அதன் முதலாளி, நம் தவுக்கே, சொல்லிவிட்டார். சுற்றுவட்டத் தோட்டங்களில் பிறந்து கிள்ளான், ஷா ஆலாம் என்று போய்விட்டவர்கள் எல்லாம் கடைசி ராத்திரிக்கு வருவதாகப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் சொல்கிறார்கள். நல்லபடியாக வழியனுப்ப என்னென்ன செய்யவேண்டும்?

பதில்:

தேதி முன்கூட்டியே தெரிந்திருப்பது பெரிய பாக்கியம். அதை வீணாக்கிவிடாதீர்கள். அமெரிக்காவில் நியூஜெர்சியில் 139 மீட்டர் உயரத்துக்கு நின்ற கிங்டா கா என்ற ரோலர் கோஸ்டர் கடைசியாக ஓடியது 2024 நவம்பர் 10. அதுதான் கடைசி என்று அன்றைக்கு ஏறியவர்களுக்குத் தெரியாது. நான்கு நாள் கழித்துத்தான் அறிவிப்பு வந்தது. 2025 பிப்ரவரி 28 அன்று வெடிவைத்துச் சாய்த்துவிட்டார்கள். நம் நாட்டில் கெந்திங் மலையின் திறந்தவெளிப் பூங்கா 2013 செப்டம்பர் 1 அன்று மூடியது. அதே மலையில் 2022 பிப்ரவரியில் திறந்தது முற்றிலும் வேறொரு பூங்கா. பள்ளி விடுமுறையில் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் ஏறியவர்களிடம் இன்று மிஞ்சியிருப்பது பெரும்பாலும் சவாரிக்கு முன்னால் நின்று பிடித்த குடும்பப் படம்தான். சவாரி ஓடிய சத்தமோ, அது எப்படி ஓடியது என்ற விவரமோ அந்தப் படத்தில் கிடையாது.

அதனால் நான் சொல்வது இதுதான்: கடைசி ராத்திரியை ஏறி இறங்குவதற்கு மட்டும் விட்டுவிடுங்கள். பதிவு, அளவு, பேச்சு எல்லாவற்றையும் அதற்கு முந்தின நாட்களிலேயே முடித்துவிடுங்கள். கூட்டம் நெரிக்கும்போது எதுவும் உருப்படியாக நடக்காது.

தவுக்கேயிடம் முதலில் கேட்கவேண்டிய சலுகை, மாலை 6 மணிக்கு, கூட்டம் சேருமுன், பாட்டை நிறுத்திவிட்டு வெறும் ராட்டினத்தை ஒரு பத்து நிமிடம் ஓட்டிக் காட்டுவது. ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடும்போது எடுத்த காணொளியில் பாட்டுதான் கேட்கும், ராட்டினம் கேட்காது. இணையத்தில் ஏற்றினாலும் பாட்டு உரிமைக்காரர்கள் ஒலியை அடைத்துவிடக்கூடும். பாட்டில்லாத அந்தப் பத்து நிமிடத்தில் கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, இஞ்சினிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி ஒரு ஸ்டூலில் வையுங்கள். கையில் பிடித்தால் விரல் உரசும் சத்தம் விழும், சட்டைப்பையில் வைத்தால் துணிச் சத்தம் விழும். மைக் துளையின் மேல் மெல்லிய பஞ்சுத்துண்டு ஒன்றை ஒட்டினால் காற்று இரைச்சல் குறையும். இஞ்சின் பிடிப்பது, அது சுழற்றும் டயர் ராட்டினத்தின் விளிம்பைக் கவ்வி இழுப்பது, வேகம் ஏறுவது, பிரேக் விழுந்து தொட்டிகள் கிறீச்சிட்டு அடங்குவது, இத்தனையும் நடுவில் வெட்டாமல் ஒரே பதிவாக வரவேண்டும். பிறகு தொட்டிக்குள் உட்கார்ந்து இன்னொரு பதிவு. உச்சிக்குப் போகும்போது கீழே உள்ள இரைச்சல் மங்கி, காதருகே அச்சாணி முனகுவது மட்டும் கேட்குமே, பலருக்கும் நெஞ்சில் நிற்கும் சத்தம் அதுதான்.

ராத்திரிக் காணொளியில் விளக்குகளின் மேல் கறுப்புப் பட்டை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது கேமராக் கோளாறு இல்லை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் விளக்கு வினாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. கைப்பேசி வினாடிக்கு 30 அல்லது 60 படம் எடுக்கும் அமைப்பில் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. 25 அல்லது 50 படத்துக்கு மாற்றி, ஷட்டரை 1/50 அல்லது 1/100 வினாடியில் நிறுத்துங்கள். ஃபன்ஃபேர் ஜென்செட்டில் (ஜெனரேட்டரில்) ஓடுவதால் சுமைக்குத் தக்கபடி அந்த 50 கொஞ்சம் ஏறி இறங்கும், பட்டை மெதுவாக நகரும். அதற்கு ஒரே வழி, முதல் நாளே சோதித்துப் பார்ப்பதுதான்.

விளக்கு வளையம் முழு வட்டமாக ஒரே படத்தில் விழ வேண்டுமா? ஒரு சுற்றுக்கு எத்தனை வினாடி என்று எண்ணி, அத்தனை வினாடி ஷட்டரைத் திறந்து வையுங்கள். நிமிடத்துக்கு 5 சுற்று என்றால் 12 வினாடி. முக்காலி இல்லாவிட்டால் அரிசி மூட்டை மேல் வைத்தும் எடுக்கலாம். ஆடாமல் இருந்தால் போதும்.

அளவெடுக்க யாரும் மேலே ஏறவேண்டாம். ராட்டினம் நின்றிருக்கும்போது, கீழே கைக்கெட்டும் இடத்தில், அடுத்தடுத்த இரண்டு தொட்டிகள் தொங்கும் அச்சாணிகளுக்கு நடுவே உள்ள நேர்க்கோட்டுத் தூரத்தை டேப்பில் அளந்தால் முழு விட்டமும் கிடைத்துவிடும். 12 தொட்டி என்றால் அந்தத் தூரத்தை 0.2588ஆல் வகுக்கவேண்டும், 16 தொட்டி என்றால் 0.1951ஆல். 3.1 மீட்டர் வந்தால் விட்டம் ஏறக்குறைய 12 மீட்டர். நிமிடத்துக்கு 5 சுற்று ஓடினால் தொட்டி வினாடிக்கு 3 மீட்டரைத் தாண்டிப் பறக்கிறது என்று அர்த்தம். நாளைக்கு யாராவது மாதிரி செய்யவேண்டும் என்றால் இந்த இரண்டு எண்ணும் இல்லாமல் முடியாது. பகல் வெளிச்சத்தில் நான்கு பக்கமும் ஒரே தூரத்திலிருந்து, ஒரு மீட்டர் கட்டையை அடியில் சாய்த்துவைத்துப் படம் எடுங்கள். பிறகு கிட்டப்போய் எடுங்கள்: தொட்டி எண் தகடு, பெயிண்ட் உரிந்த இடத்தில் அடியில் தெரியும் பழைய நிறங்கள், மடியின் குறுக்கே விழும் கம்பியில் கைபட்டுக் கைபட்டு வெள்ளியாய் மின்னும் அந்த ஒரு சாண் இடம்.

இனி கடைசி ராத்திரி. முதலில் கணக்கு. தொட்டிக்கு இரண்டு பெரியவர் என்றால் ஒரு நடைக்கு 24 பேர். ஒரு தொட்டியில் இறக்கி ஏற்ற அரை நிமிடம், 12 தொட்டிக்கு 6 நிமிடம், ஓட்டம் 4 நிமிடம், ஆக ஒரு நடை 10 நிமிடம். மணிக்கு 144 பேர். 7 மணி முதல் 11 மணி வரை ஓட்டினாலும் 576 பேருக்கு மேல் ஏற முடியாது. மழை ஒரு மணி நேரத்தைத் தின்றால் 432. புலனக் குழுவில் எத்தனை பேர் வருகிறேன் என்றார்கள், ஊர்ச் சனம் எத்தனை என்று கூட்டிப் பார்த்து, நேரம் எழுதிய டோக்கனாகக் கொடுத்துவிடுங்கள். கடைசி நடையின் 24 இடத்துக்குக் குலுக்கல் போடுங்கள். அதில் நான்கு இடமாவது அதே தோட்டங்களில் இன்னும் இருக்கிற முதியவர்களுக்கு ஒதுக்கவேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கோபித்தாலும் பரவாயில்லை.

இப்போது சொல்லப்போவதை ஓட்டுகிற அண்ணனுக்குத் தெரியும். ஏற்பாடு செய்கிறவர்களுக்கும் தெரிந்திருக்கவேண்டும். ராட்டினத்தின் உயிர் சமநிலையில் இருக்கிறது. இரண்டு பெரியவர் உட்கார்ந்த தொட்டி 140 கிலோ என்று வையுங்கள். அது பக்கவாட்டில் நிற்கும்போது, எதிரே ஆள் இல்லாவிட்டால், அந்த 140 கிலோவையும் விளிம்பை அழுத்தியிருக்கும் டயர்தான் தாங்கவேண்டும். பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகள் மூன்று நிறைந்து எதிரே மூன்றும் காலி என்றால் சுமார் 380 கிலோ. மழை நனைத்த விளிம்பில் டயர் வழுக்கும், சக்கரம் தானாகக் கீழ்ப்பக்கம் உருளும். எதிரெதிராக ஆள் ஏற்றுவது இதற்காகத்தான்.

சாதாரண நடைகளில் ஒருவர் இறங்கிய தொட்டியில் உடனே இன்னொருவர் ஏறிவிடுவதால் பாரம் பெரிதாக மாறாது. கடைசி நடையில் இறங்குவார்கள், ஏற ஆள் இருக்காது. வழக்கம்போல 1, 2, 3 என்று வரிசையாக இறக்கினால் ஒரு பாதி காலி, மறு பாதி நிறைவு என்று ஆகிவிடும். எல்லோரும் கண்கலங்கிக் கைதட்டிக்கொண்டிருக்கும் அந்த நேரம்தான் அந்த ராத்திரியிலேயே அதிகக் கவனம் வேண்டிய நேரம். 1, 7, 4, 10, 2, 8, 5, 11, 3, 9, 6, 12 என்ற வரிசையில் இறக்கினால் ஒவ்வொரு ஜோடியும் எதிரெதிர். நேரம் கூட ஆகும், ஆகட்டும். தொட்டி எண்ணைப் பெரிதாக அட்டையில் எழுதி ஒருவர் ஓட்டுநருக்குக் காட்டிக்கொண்டே இருந்தால் குழப்பம் வராது.

“கடைசி ரவுண்டு, கொஞ்சம் வேகமா விடுங்கண்ணே” என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். இணங்கிவிடாதீர்கள். வேகம் கூடினால் தொட்டிகளின் ஆட்டம் கூடும், நிறுத்தும்போது பிரேக் முழுப் பாரத்தையும் வாங்கும், ராத்திரி 11 மணிக்கு ஓட்டுகிறவர் களைத்துப் போயிருப்பார். தொட்டியை ஆட்டி விளையாடும் இளைஞர்களையும் முன்னாலேயே எச்சரித்துவிடுங்கள். இடி கேட்டாலே நிறுத்துவது என்று தவுக்கேயோடு சேர்ந்து முதல் நாளே அறிவித்துவிட்டால், அன்றைக்கு வாக்குவாதம் வராது. மழைக்குப் பிறகு ராட்டினக் கால்களுக்கு அடியில் கொடுத்த கட்டைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். பந்து விளையாடும் திடல் மண் ஊறினால் ஒரு பக்கத்துக் கட்டை இரண்டு விரற்கடை இறங்கினாலும் உச்சி நன்றாகவே சாயும். ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, சிலிப்பர் கட்டை சொருகிய பிறகுதான் ஓட்டவேண்டும்.

நினைவுப் பொருள் விசயத்தில் கண்டிப்பாக இருங்கள். புளோரிடாவில் டிஸ்னி பூங்காவின் ஸ்பிளாஷ் மவுண்டன் என்ற தண்ணீர்ச் சவாரி 2023 ஜனவரி 22 அன்று கடைசியாக ஓடியபோது, ரசிகர்கள் அந்தச் சவாரித் தண்ணீரையே போத்தலில் பிடித்துப்போனார்கள், சிலர் இணையத்தில் விலைக்கும் போட்டார்கள். தண்ணீர் எடுத்தால் யாருக்கும் ஆபத்தில்லை. ராட்டினத்தில் கழற்றச் சுலபமானது மடிக்கம்பியின் கொண்டை ஊசி, அச்சாணி முனையின் பிளவு ஊசி. இரண்டும் உயிர் காக்கிறவை. சட்டைப்பைக்குள் போகிற அளவுக்குச் சிறியவை என்பதால் கைநீளும். சக்கரம் கடைசியாக நிற்கும்வரை ஒரு பல்பைக்கூடத் தொடக்கூடாது என்று சொல்லி, ஒவ்வொரு நடைக்கு முன்னும் 12 தொட்டி ஊசியையும் ஒருவர் கைவைத்துப் பார்க்கவேண்டும்.

பிரிக்கிற நாளைத் தவறவிடாதீர்கள். என்னைக் கேட்டால் கடைசி நடையைவிட அதுதான் முக்கியம். ராட்டினம் எப்படிக் கட்டப்பட்டது என்பது அவிழ்க்கும்போதுதான் முழுதாகத் தெரியும். விளக்குக் கம்பிகள் முதலில், பிறகு தொட்டிகள், பிறகு விளிம்பும் ஆரக்கால்களும் எதிரெதிர் ஜோடியாக, அப்புறம் நடு அச்சு, கடைசியில் கால்கள். ஒரு கேமராவை உயரமான இடத்தில் நிறுத்தி 10 வினாடிக்கு ஒரு படம் என்று விட்டுவிட்டு, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்: இந்தத் துண்டுக்கு நீங்கள் வைத்திருக்கும் பேர் என்ன? எது முதலில் தேயும்? எதை மாற்றினீர்கள்? லோரியில் எது அடியில் போகும்? வேலை செய்கிறவர்களுக்கு நாசி லெமாக்கும் தே ஓவும் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள், அவர்கள் மூச்சுவாங்கும் நேரமாகப் பார்த்து. பேரும் முகமும் போடலாமா என்று கேட்காமல் எதையும் முகநூலில் ஏற்றக்கூடாது.

ஒரு தொட்டியைக் காப்பாற்ற முடிந்தால் காப்பாற்றுங்கள். இரும்பு லோரி வந்து நின்ற பிறகு பேசினால் காரியம் ஆகாது. இப்போதே தவுக்கேயைப் பார்த்து, ஒரு தொட்டி, அதன் தொங்குகம்பி, எண் தகடு, டிக்கெட் கூண்டுப் பலகை ஆகியவற்றின் எடைக்குப் பழைய இரும்புக் கடை விலையைக் கொடுத்துவிடுகிறோம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வைக்கும் இடம் ஆலய மண்டப ஓரமோ தமிழ்ப்பள்ளியோ, யாரானாலும் எழுத்தில் சம்மதம் வேண்டும், மேலே கூரை வேண்டும்.

கொண்டுவந்ததும் பளபளவென்று புதுப் பெயிண்ட் அடிக்கத் தோன்றும். அடித்துவிடாதீர்கள், மக்கள் பார்த்த தொட்டி அதோடு போய்விடும். உலர்ந்த துணியால் துடைத்து, கிரீஸ் படிந்த இடத்தை மட்டும் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, துருப்பிடித்த வெறும் இரும்பில் மெல்லிசாக எண்ணெய் பூசினால் போதும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூள் கிளப்பக்கூடாது, அதுவும் பள்ளிக்கூடத்தில். தொட்டி தொங்கவேண்டிய பொருள். தரையில் வெறுமனே வைத்தால் ஒரு பக்கமாக நாலு பிள்ளைகள் ஏறியதும் கவிழும். கெட்டியான பலகை மேல் போல்ட் போட்டு முடுக்கி, பின்பக்கம் சுவரோடு இரண்டு பிடி கொடுத்து, மடிக்கம்பியை மூடிய நிலையில் பூட்டிவிடுங்கள். அடியில் தண்ணீர் தேங்காமல் இரண்டு துளை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டிக்கெட் வைத்திருப்பவர்கள் லேமினேட் செய்யவேண்டாம், செலோட்டேப்பும் வேண்டாம். இரண்டும் சில ஆண்டுகளில் காகிதத்தை மஞ்சளாக்கிவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. தெளிவான பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு மூடியுள்ள டின்னில் வையுங்கள். மெஷினில் சூட்டால் அச்சடித்த டிக்கெட் என்றால் எழுத்து தானாக மங்கிப்போகும், அன்றைக்கே ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கும் பலகையில் இவை இருக்கட்டும்: தொட்டி எண், சக்கரத்தின் விட்டம், நிமிடத்துக்கு எத்தனை சுற்று, எந்தத் திடல், கடைசியாக ஓடிய தேதி, சம்மதம் தந்தால் ஓட்டியவர்களின் பெயர். பாட்டில்லாமல் எடுத்தீர்களே, அந்த ஒலிப்பதிவுக்கு ஒரு கியூஆர் கோடும் சேருங்கள். பதிவை ஒருவர் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் மூன்று இடத்தில் நகலெடுத்து, அதில் ஒன்றை ஆலய நிர்வாகத்திடம் கொடுத்துவிடுங்கள்.