பல அணிகளில் ஆடியவர் பயிற்றுநராகும்போது: கேள்வி பதில்

எந்த அணியிலும் நிலைக்காத தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட வீரர்கள் பின்னாளில் பயிற்றுநர்களாவது குறித்து யாழ்ப்பாணத்து வாசகர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள்.

கொக்குவில்: அத்தகைய வீரரின் தொழில் வாழ்க்கை எப்படியிருக்கும், ஐயா?

கெவின் ஒல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 1995இல் என்.பி.ஏ. எனும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத் தொடரின் வீரர் தெரிவில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. 1997இல் டல்லாஸ் அணி வழியாக உள்ளே வந்தவர், 13 பருவங்களில் 11 கழகங்களுக்கு ஆடினார். தொடக்கத்தில் கிடைத்தவை பெரும்பாலும் பத்து நாள் ஒப்பந்தங்கள்தாம். ஒரே பருவத்தில் ஓர் அணி ஒருவருக்கு அதை இருமுறை மட்டுமே வழங்கலாம். அதன்பின் பருவம் முடியும்வரை வைத்திருக்க வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். ஆகவே வந்திறங்கிய இரவே புதிய அணியின் ஆட்டமுறைகளைத் தன் இடத்துக்கு மட்டுமன்றி ஐந்து இடங்களுக்கும் மனனம் செய்பவரே தப்பிப் பிழைப்பார். எவருக்குப் பதிலாக எப்போது இறக்குவார்கள் என்பது அவருக்கே தெரியாது. பயிற்றுநர் செய்யும் வேலையும் ஏறத்தாழ இதுவே. ஒல்லி 2012இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநராகி, 2014 அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் கென்டக்கியை 60–54 என வென்றார். 2018இல் அதே பல்கலைக்கழகம் அவரைப் பதவி நீக்கியது என்பதையும் சேர்த்தே நினைவிற் கொள்ளுங்கள்.

சுன்னாகம்: எனது உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். வாய்ப்புண்டா?

என்.பி.ஏ. வீரர் மக்ஸி போக்ஸின் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். 14 பருவங்கள் ஆடி, பின்னர் சார்லட் மகளிர் அணிக்குப் பயிற்றுநரானார். ஆனால் அவர் விதிவிலக்கு, தம்பி. உயர்தரப் பரீட்சையைக் கைவிட வேண்டாம்.

மானிப்பாய்: பெரிய நட்சத்திரமே சிறந்த பயிற்றுநராக முடியும் அல்லவா?

என்.பி.ஏ.யின் பெரும் நட்சத்திரம் மேஜிக் ஜோன்சன் 1994இல் பயிற்றுநராக லேக்கர்ஸ் அணியை 16 ஆட்டங்களுக்கு வழிநடத்தினார். ஐந்தில் வெற்றி, பதினொன்றில் தோல்வி.

மானிப்பாய், மறுபடியும்: அப்படியானால் இன்னொரு நட்சத்திரம் லாரி பேர்ட்? பயிற்றுநராக இந்தியானா அணியை 2000ஆம் ஆண்டு இறுதிச் சுற்றுக்குக் கொண்டுசென்றாரே!

நல்ல உதாரணம், ஆனால் அணி அணியாக மாறி ஆடியவரே நல்ல பயிற்றுநராவார் என்ற எனது பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. பேர்ட் அங்கே தாக்குதலைத் தம் உதவியாளர் ரிக் கார்லைலிடம் ஒப்படைத்திருந்தார். பொஸ்டன், நியூயோர்க், நியூ ஜெர்சி என மாறி, பெரும்பாலும் வாங்கிலேயே அமர்ந்திருந்தவர் கார்லைல். 2011இல் டல்லாஸுக்குக் கிண்ணம் வென்றுகொடுத்த பயிற்றுநரும் அவரே.

பருத்தித்துறை: மானிப்பாய் அன்பர் சொல்வதே சரி. பொஸ்டன் நட்சத்திரம் பில் ரசல் பயிற்றுநராக 1968, 1969 இரண்டிலும் என்.பி.ஏ. கிண்ணத்தை வென்றார்.

வென்றார், அப்போது அவர் ஆடிக்கொண்டே பயிற்றுவித்தார், அவருடைய மத்திய வீரர் பில் ரசல்தான்! அந்த வசதி இல்லாத சக்ரமென்டோவில் 17 வெற்றி, 41 தோல்வி. இவ்விவாதத்தை இத்துடன் நிறுத்துவோம். வேறு கேள்விகள் காத்திருக்கின்றன.

நல்லூர்: உயரம் குறைவென்றால் முடியாதா?

சுன்னாகத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். பரீட்சை பற்றியதையும் சேர்த்து.

தெல்லிப்பழை: தர்ஜினி சிவலிங்கம் பற்றி எழுதுவீர்களா?

அவர் வலைப்பந்தாட்ட வீராங்கனை, பிள்ளை. அது வேறு விளையாட்டு. அதை அறிந்தவரிடம் கேளுங்கள்.

வட்டுக்கோட்டை: வெளிநாட்டு அணியில் சேர்த்துவிடுவதாக ஒரு முகவர் முற்பணம் கேட்கிறார்.

கொடுக்க வேண்டாம். முறையான முகவர் ஒப்பந்தம் கைச்சாத்தான பின்னரே தமது பங்கைப் பெறுவார். பரீட்சையை எழுதுங்கள்.

உரும்பிராய்: முழங்கால் காயத்தால் ஆட முடியவில்லை. பயிற்றுநராக எங்கே தொடங்குவது?

பாடசாலைப் போட்டிகளில் புள்ளிப் பதிவேடு எழுதும் மேசையில் இடம் கேளுங்கள். எந்த ஐவர் களத்தில் இருந்தபோது ஆட்டம் திரும்பியது, எவருடைய நான்காவது தவறுக்குப் பின் பயிற்றுநர் அவரை வெளியே எடுத்தார், இடைவேளையை எப்போது கேட்டார் என்று தனியே ஒரு கொப்பியில் குறித்து, மறுநாள் அந்தப் பயிற்றுநரிடமே காரணம் கேளுங்கள். முழங்காலைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.