ஆண் பெண் வேறுபாடு பிறவியிலேயே வருவதா, வளர்ப்பால் வருவதா?

கேள்வியோடு நீங்கள் ஓர் உதாரணமும் கொடுத்திருக்கிறீர்கள்: பெண்களுக்குப் பொறுமையும் விரல் நுணுக்கமும் இயற்கையிலேயே அதிகம், அதனால்தான் தேயிலை பறிக்க அவர்களை வைக்கிறார்கள் என்று. அந்த உதாரணத்துக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். பட்டிமன்றத்துக்கோ கல்லூரிக் கட்டுரைக்கோ தயார் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் லைனில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவள். தாத்தா பாட்டி 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இங்கே வந்தவர்கள். பாட்டி, அம்மா, நான் என்று மூன்று தலைமுறையும் கொழுந்து எடுத்திருக்கிறோம்.

உடம்பில் வேறுபாடே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னதாக எடுத்துக்கொண்டு கருத்துப் பெட்டியில் சண்டைக்கு வர வேண்டாம். வயதுக்கு வந்த பிறகு டெஸ்டோஸ்டிரோன் காரணமாக ஆண்களுக்குத் தசையும் கைப்பிடி பலமும் சராசரியாக நன்றாகவே கூடுகிறது. குணத்திலும் கொஞ்சம் இருக்கலாம். பிறவி அட்ரீனல் கோளாறால் கருவிலேயே ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன் அதிகம் சுரந்த பெண் குழந்தைகள், மற்றப் பெண் குழந்தைகளைவிடப் பையன்களின் விளையாட்டுச் சாமான்களை அதிகம் எடுக்கிறார்கள் என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. கொழுந்து எடுப்பதை இதில் சேர்ப்பதைத்தான் மறுக்கிறேன்.

பள்ளி விடுமுறையில் நானும் தம்பியும் அம்மாவுக்கு ஒத்தாசையாக மலைக்குப் போவோம். தம்பிக்குக் கை அவ்வளவு வேகம். முற்றல் இலை சேராமல், இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளிக்கொண்டே போவான். நிறுவையில் அவன் பைதான் எப்போதும் என்னுடையதைவிடக் கனமாக இருக்கும். பக்கத்து நிரை அக்காமார்களே, "பய கையைப் பாரு" என்பார்கள். மீசை அரும்பியதும் வர மாட்டேன் என்று விட்டான். பொம்பளை வேலை பார்க்கிறான் என்று லைன் பையன்கள் கேலி செய்தார்கள். அப்பாவும், "அவன விடு, நீ போ" என்றார். நான் தொடர்ந்து போனேன். சில வருடம் கழித்து ஒருமுறை அவன் கொழுந்து எடுத்துப் பார்த்தபோது என் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வர முடியவில்லை. அன்றைக்கு யாராவது வந்து எங்கள் இருவரையும் அளந்திருந்தால், பெண்ணுக்கு விரல் வேகம் பிறவியிலேயே உண்டு என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்கள்.

சின்னச் சின்னக் குச்சிகளைத் துளைகளில் சொருகும் சோதனை ஒன்று உண்டு. அதில் பெண்கள் சராசரியாக முந்துவார்கள். 1990இல் கனடாவைச் சேர்ந்த மைக்கேல் பீட்டர்ஸ் குழுவினர் விரல் தடிமனையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது அந்த வேறுபாடு காணாமல் போனது. விரல் தடிமனும் பிறவியில் வருவதுதானே என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் விரல் மெலிதாக இருப்பது வேறு, பெண் மனசே நுணுக்க வேலைக்கு என்று படைக்கப்பட்டது என்பது வேறு. மெலிந்த விரல் உள்ள ஆண்கள் எங்கள் லைனிலேயே நிறையப் பேர்.

அப்புறம் ஆள் பற்றாக்குறை வந்தது, பெட்ரோலில் ஓடும் அறுவடை மெஷினும் வந்தது. அதே செடி, அதே இலை. மெஷினைப் பிடிக்க ஆண்களைப் போட்டார்கள். தம்பி திரும்பவும் இலை எடுக்க வந்தான், இந்த முறை யாரும் கேலி செய்யவில்லை. எனக்கும் மெஷின் கொடுங்கள் என்று நானும் கேட்டேன். "உனக்கெதுக்கும்மா அது, வெயிட்டு தாங்காது" என்றார் மேஸ்திரி. அவர் அதைச் சொன்ன அதே நேரத்தில் அம்மா இருபது கிலோவுக்கு மேல் இலை உள்ள சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு ஏற்றத்தில் நிறுவைக்கு ஏறிக்கொண்டிருந்தார். இது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இன்னொன்றும் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஊட்டியைச் சுற்றி மந்து எனப்படும் சிற்றூர்களில் வாழும் தோடர் பழங்குடியினரின் வழக்கப்படி எருமை கறப்பதும் மோர் கடைவதும் ஆண்கள் வேலை. பால் கோவிலுக்குள் பெண்கள் போகக் கூடாது. 1901-02இல் இங்கே வந்து ஆராய்ந்த ஆங்கிலேய மானுடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். காட் ரோட்டில் இறங்கி மேட்டுப்பாளையத்தைத் தாண்டினால் மாடு கறக்கும் பெண்களை எந்தக் கிராமத்திலும் பார்க்கலாம். மலை ஏறுவதற்குள் பெண்ணின் உடம்பு மாறிவிடுகிறதா என்ன?

இந்தப் "பொறுமை"ப் பேச்சால் எங்களுக்கு நஷ்டமும் உண்டு. சமவேலைக்குச் சமகூலிச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது, எங்கள் எஸ்டேட்டிலும் நாள்கூலி ஒன்றுதான். ஆனால் கவாத்துக்கும் (செடியை வெட்டிவிடுவது) மருந்து அடிக்கவும் போகும் ஆண்கள் குறித்த வேலை முடிந்தால் மதியமே வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கொழுந்து எடுப்பவர்கள் சாயங்கால நிறுவை வரைக்கும் நிற்க வேண்டும். ஏன் என்று கேட்டால், பெண்கள் பொறுமைசாலிகள், நிற்பார்கள் என்பதுதான் பதில். எல்லா எஸ்டேட்டிலும் இப்படித்தான் என்று சொல்லவில்லை, நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். சீசனில் வருகிறவர்கள் ரோட்டோரம் காரை நிறுத்திவிட்டு, கேட்காமல் எங்கள் அம்மாமார்களைப் படம் எடுக்கிறார்கள். நிமிர்ந்து பார்க்கச் சொல்கிறார்கள், சிரிக்கச் சொல்கிறார்கள். பிறகு பூப்போன்ற விரல்கள் என்று எழுதிப் போடுகிறார்கள். அம்மாவின் விரல்களில் தேயிலைக் கறை ஏறி, வெடித்த இடமெல்லாம் கறுத்துக் கிடக்கும், ராத்திரி சோறு பிசையும்போது எரியும். அடுத்த சீசனுக்கு இந்தப் பக்கம் வந்தால் முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் காரை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், எடை குறைந்தால் பேச்சு வாங்குவது அவர்கள்தான்.