வீட்டில் செய்யும் ஹார்ன் ஸ்பீக்கருக்கு எத்தனை வாட் ஆம்ப் வேண்டும்?

கேள்வி: 8 அங்குல ஃபுல் ரேஞ்ச் டிரைவர் (பேஸ் முதல் மேல் ஒலி வரை ஒன்றே தரும் ஸ்பீக்கர் யூனிட்) ஒரு ஜோடி இருக்கிறது. பின்பக்க ஹார்ன் பெட்டி, அதாவது கோனின் பின்பக்க ஒலியை விரிந்துகொண்டே போகும் குழாய் வழியே வெளியே விடும் பெட்டி, செய்யப் போகிறேன். கையில் இருக்கும் 100 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப் போதுமா, வால்வு ஆம்புக்கு மாற வேண்டுமா?

வாட் கணக்கை முதலில் முடித்துவிடலாம். பெட்டியில் போட்ட இந்த வகை டிரைவர் 1 வாட்டுக்கு 1 மீட்டரில் சுமார் 96 டெசிபெல் தரும். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து, சராசரி 80 டெசிபெல் அளவில் நிறைவாகக் கேட்க ஒரு பெட்டிக்குப் பத்தில் ஒரு பங்கு வாட்கூட வேண்டியதில்லை. திடீரென எழும் உச்சங்களுக்கு அதைவிட 18 டெசிபெல் கூடுதல் இடம் விட்டாலும் 4, 5 வாட்டில் அடங்கிவிடும். 1920-களின் பிற்பகுதியில் பேசும்படம் வந்தபோது பெரிய அரங்குகளைச் சில வாட் ஆம்புகளை வைத்தே நிரப்பியதும் ஹார்ன் இருந்ததால்தான். ஆகவே 100 வாட் தாராளம். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு இரண்டு: பாட்டு ஓடாதபோது ஆம்ப் எவ்வளவு அமைதியாக இருக்கிறது, அதன் வெளியீட்டு மின்தடை எவ்வளவு.

ஆனால் பெட்டி சரியாக அமையாவிட்டால் எந்த ஆம்பும் காப்பாற்றாது. அதனால் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

டிரைவரின் தகவல் தாளில் க்யூடிஎஸ் (கோனின் அதிர்வு எவ்வளவு இறுக்கமாக அடக்கப்படுகிறது என்று காட்டும் எண்; சிறிதானால் இறுக்கம் அதிகம்) 0.2 முதல் 0.3 வரை இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்எஸ்ஸை (கோன் தானாக அதிரும் ஹெர்ட்ஸ்) க்யூஇஎஸ்ஸால் (அந்த அடக்கத்தில் காந்தத்தின் பங்கைக் காட்டும் எண்) வகுத்தால் 100-க்கு மேல் வர வேண்டும். க்யூடிஎஸ் 0.5 உள்ள டிரைவரைப் பின்பக்க ஹார்னில் போட்டால் பேஸ் கட்டுப்பாடில்லாமல் உறுமும். அதற்கு ஹார்ன் வேண்டாம், சாதாரணப் பெட்டியே செய்யுங்கள்.

எக்ஸ்பொனென்ஷியல் ஹார்னுக்கு நினைவில் வைக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. 19-ஐ கட்ஆஃப் (ஹார்ன் தாங்கும் மிகக் கீழ் ஒலி) ஹெர்ட்ஸால் வகுத்தால், எத்தனை மீட்டருக்கு ஒருமுறை ஹார்னின் குறுக்குப் பரப்பு இரட்டிப்பாக வேண்டும் என்பது கிடைக்கும். 50 ஹெர்ட்ஸுக்கு 38 செ.மீ. உங்கள் டிரைவரின் கோன் பரப்பு ஏறக்குறைய 205 சதுர செ.மீ. அதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக, 150 சதுர செ.மீ. தொண்டை (ஹார்ன் தொடங்கும் குறுகிய முனை) வையுங்கள். பெட்டியின் உள் அகலம் முழுக்க 40 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் தொண்டை உயரம் 3.75 செ.மீ. அங்கிருந்து ஒவ்வொரு 38 செ.மீ.க்கும் 7.5, 15, 30, 60, 120 என்று உயரம் விரியும். ஐந்து இரட்டிப்பில் நீளம் 190 செ.மீ., வாயின் (ஹார்ன் முடியும் அகன்ற முனை) பரப்பு 4800 சதுர செ.மீ. அறையின் மூலையில் வைக்கும்போது 50 ஹெர்ட்ஸுக்குத் தேவையான வாய் இவ்வளவுதான். திறந்த வெளியில் இதே வேலைக்கு எட்டு மடங்கு வாய் வேண்டும், அதனால் மூலை என்பது இந்த வடிவத்தில் பெட்டியின் ஒரு பாகமே. சுவரிலிருந்து நகர்த்தினால் பேஸ் மெலியும்.

120 செ.மீ. வாய்க்கு இடமில்லை என்றால் கடைசி இரட்டிப்பை வெட்டி 60-ல் நிறுத்தலாம். விலை என்னவென்றால், வாயில் ஒலி திரும்பி அடித்து, பேஸில் சில சுரங்கள் தூக்கலாகவும் சில அமுங்கியும் கேட்கும். அதைத் தெரிந்தே செய்யுங்கள்.

வளைத்த பலகை தேவையில்லை. இரு இரட்டிப்புப் புள்ளிகளுக்கு இடையே நேர்ப்பலகை வைத்தால் நடுவில் பரப்பு 6 சதவீதம்தான் கூடும், காதுக்குத் தெரியாது. மடிப்புகளில் நீளத்தை நடுக்கோட்டில் அளக்க வேண்டும். வெளிச்சுவரில் அளந்தால் ஹார்ன் உண்மையில் குட்டையாகி, கட்ஆஃப் மேலே போய்விடும். 18 மி.மீ. பிர்ச் பிளைவுட் நல்லது. பெரிய பலகைகளுக்கு 25, 30 செ.மீ.க்கு ஒரு குறுக்குக் கட்டை கொடுங்கள். ஒரு பக்கப் பலகையை மட்டும் பசை போடாமல், ஃபோம் பட்டை வைத்து ஸ்க்ரூவில் நிறுத்துங்கள். உள்ளே கைவைக்க வேண்டிய வேலை நிச்சயம் வரும்.

அந்த வேலை பெரும்பாலும் பெட்டிக்குள் டிரைவருக்குப் பின்னுள்ள சிறு அறையில்தான். இந்த அறையும் தொண்டையும் சேர்ந்து ஒரு லோ பாஸ் ஃபில்டர், கீழ் ஒலியை மட்டும் விடும் வடிகட்டி. கோனின் பின்பக்க ஒலி எதிர்க் கட்டத்தில் கிளம்பி 1.9 மீட்டர் பயணித்து வாய் வழியே வருகிறது. 90 ஹெர்ட்ஸ் அருகே அது முன்பக்க ஒலியோடு கைகோக்கும், 180 அருகே எதிர்த்து நின்று பள்ளம் தோண்டும். அதனால் அறை 180 ஹெர்ட்ஸிலிருந்து வடிகட்டத் தொடங்க வேண்டும். 344-ஐத் தொண்டைப் பரப்பால் (சதுர மீட்டரில்) பெருக்கி, 6.28 × 180-ஆல் வகுத்தால் 4.6 லிட்டர். இதோடு டிரைவரின் காந்தமும் சட்டமும் அடைக்கும் இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறையை 7 லிட்டராகச் செய்துவிட்டு, உள்ளே மரத்துண்டுகள் வைத்துக் குறைத்துக்கொண்டே வருவது உத்தமம். அறை சிறிதானால் நடு ஒலி வாய் வழியே கசிந்து, ஆண் குரல் குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். பெரிதானால் மேல் பேஸ் வற்றிவிடும். பின்சுவரிலும் ஒரு பக்கத்திலும் 1 செ.மீ. கம்பளி ஃபெல்ட் போதும். ஹார்னுக்குள் பஞ்சு அடைத்தால் பேஸையே அடைத்ததாகிவிடும்.

இனி ஆம்ப். உங்கள் 100 வாட் ஆம்பின் கெயின் (பெருக்கம்) பொதுவாக 28 டெசிபெல், அதாவது 25 மடங்கு இருக்கும். மேலே சொன்ன சராசரி 80 டெசிபெல் அளவுக்கு அது வெளியே தர வேண்டியது 0.7 வோல்ட், உள்ளே வேண்டியது 28 மில்லிவோல்ட். பிளேயரோ 2 வோல்ட் அனுப்புகிறது. ஆகவே வால்யூம் குமிழ் எப்போதும் தொடக்கத்திலேயே கிடக்கும். குமிழின் இடது வலது சமன் மிக மோசமாக இருக்கும் இடம் அதுதான், பாடகர் ஒரு பக்கமாக நகர்ந்து நிற்பார். மருந்து மலிவு: ஆம்பின் உள்ளீட்டில், கேபிளின் ஆம்ப் முனையில், 9.1 கிலோஓம் தொடராகவும் 1 கிலோஓம் கிரவுண்டுக்கும் போடுங்கள். 20 டெசிபெல் குறையும், முன்னால் உள்ள கருவிகளின் இரைச்சலும் சேர்ந்தே குறையும். ஆம்பின் சொந்த இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கும். டிபிஏ3116 சிப் போர்டு என்றால் கெயின் ரெசிஸ்டரை மாற்றி 20 டெசிபெலுக்கு இறக்கலாம். எல்எம்1875, எல்எம்3886 சிப்களில் கெயினை 10 மடங்குக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள், தாமாகவே அலைபாயத் தொடங்கிவிடும்.

சொந்த இரைச்சலை அளக்க உள்ளீட்டை ஷார்ட் செய்து, 8 ஓம் ரெசிஸ்டரை லோடாகப் போட்டு, வெளியீட்டை ஏசி மில்லிவோல்ட்டில் பாருங்கள். 1 மில்லிவோல்ட் இருந்தால் 96 டெசிபெல் டிரைவரில் 1 மீட்டரில் 27 டெசிபெல், இரவில் காதில் விழும். 0.1 மில்லிவோல்ட் என்றால் 7 டெசிபெல், கேட்காது. பின்னாளில் 106 டெசிபெல் தரும் கம்ப்ரெஷன் டிரைவரை (சிறு ஹார்னில் பொருத்தும் மேல் ஒலி யூனிட்) மேல் ஒலிக்குச் சேர்த்தால் இதே கணக்கு 10 டெசிபெல் உயரும். அப்போது டிரைவருக்கு முன் 5.6 ஓம் தொடர், 3.6 ஓம் இணை என்று ஒரு எல்-பேட் (ஒலியளவைக் குறைக்கும் இரு ரெசிஸ்டர் ஜோடி) போட்டால் ஒலியளவும் பொருந்தும், இரைச்சலும் 10 டெசிபெல் அமுங்கும். தனி ஆம்பிலிருந்து நேரடியாகக் கொடுப்பதானால், ஆன் செய்யும்போது வரும் 'தட்' ஓசை டயஃப்ரத்தை (அதன் மெல்லிய அதிர்தகடு) கிழிக்காமலிருக்க, 1200 ஹெர்ட்ஸ் கிராஸ்ஓவருக்கு (இரு டிரைவர்களும் ஒலியைப் பிரித்துக்கொள்ளும் இடம்) 68 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கப்பாசிட்டர் ஒன்றைத் தொடராகப் போடத் தவறாதீர்கள்.

வால்வு ஆம்பில் இந்த டிரைவர்கள் 'உயிர் பெறுகின்றன' என்று சொல்வதில் உண்மை இருக்கிறது, காரணம் சாதாரண மின்னியல். ஃபீட்பேக் (வெளியீட்டின் ஒரு பங்கை உள்ளீட்டுக்குத் திருப்பும் முறை) இல்லாத, 300பி என்ற வால்வு வைத்த சிங்கிள் எண்டட் ஆம்ப் 8 வாட்தான் தரும், ஆனால் அதன் வெளியீட்டு மின்தடை 2 ஓம் அளவில் இருக்கும். வலுவான காந்தம் கோனை இறுக்கிப் பிடிப்பதை அது தளர்த்துகிறது. 6.5 ஓம் டிசி மின்தடையுள்ள டிரைவரின் க்யூஇஎஸ் 1.3 மடங்காகி, பேஸ் நிறைகிறது. இதற்காக மட்டும் வால்வுக்குப் போக வேண்டாம். முதலில் உங்கள் டிரான்சிஸ்டர் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே 2 ஓம், 10 வாட் ரெசிஸ்டரைத் தொடராக வைத்துக் கேளுங்கள். 2 டெசிபெல் இழப்பு, அது நமக்குப் பொருட்டில்லை. பேஸ் நிறைந்து, மேல் ஒலி கூர்மையாகிவிட்டால் டிரைவர் முனைகளில் 8 ஓமும் 4.7 மைக்ரோஃபாரடும் தொடராகச் சேர்த்துக் குறுக்கே போடுங்கள். இந்த மாற்றம் பிடித்தால் மட்டுமே வால்வு ஆம்பைப் பற்றி யோசியுங்கள். அதில் 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, அணைத்த பிறகும் கப்பாசிட்டரில் உயிர்போக்கும் மின்னூட்டம் நிற்கும் என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

கடைசியாக ஒரு கப்பாசிட்டர். 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹார்ன் கோனைத் தாங்காது, கோன் வெறுமனே முன்னும் பின்னும் துள்ளும். உள்ளீட்டு மின்தடை 47 கிலோஓம் உள்ள ஆம்பில், மேலே சொன்ன இரு ரெசிஸ்டர்களுக்கும் ஆம்புக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் தொடராக வைத்தால் 34 ஹெர்ட்ஸிலிருந்து வெட்டும். கோனைக் கையால் தொட்டுப் பாருங்கள், துள்ளல் அடங்கியிருக்கும்.