இரவு வயலுக்கு எந்த டார்ச்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மும்முனை மின்சாரம் இரவில்தான் வருகிறது. மடை மாற்ற இரண்டு கையும் வேண்டும் என்று தலையில் மாட்டும் லைட் வாங்கினேன். வெளிச்சம் பளிச்சென்று இருந்தும் வரப்பில் கிடந்த பாம்பு பக்கத்தில் போகும்வரை தெரியவில்லை. இன்னும் பெரிய லைட் வாங்க வேண்டுமா? (வாசகர், தேனி)

வேண்டாம். வெளிச்சம் போதாமல் இல்லை. அது வரும் இடம்தான் சரியில்லை. நெற்றியிலிருந்து கிளம்பும் ஒளி உங்கள் பார்வை போகிற திசையிலேயே போகிறது. அதனால் பொருளின் நிழல் பொருளுக்குப் பின்னாலேயே மறைந்துவிடும், மேடு பள்ளம் எல்லாம் தட்டையாகத் தெரியும். சருகு நிறத்தில் சுருண்டு கிடக்கும் கண்ணாடி விரியன் மண்ணோடு மண்ணாகிவிடுகிறது. அதே லைட்டைக் கழற்றிக் கையில் பிடித்து, முழங்கால் உயரத்திலிருந்து தரையோடு சாய்வாக அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு கட்டிக்கும் நீளமாக நிழல் விழும். பாம்பின் உடம்பு தனியாக எடுத்துக் காட்டும்.

கண் மின்னுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பாதீர்கள். மான், நரி, பூனைக்கு விழித்திரையின் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. பாம்புக்கு அது கிடையாது, காட்டுப்பன்றிக்கும் கிடையாது.

ஆகவே நடக்கும்போது கையில் டார்ச், குனிந்து மண்வெட்டி பிடிக்கும்போது மட்டும் தலை லைட். கை டார்ச் 200 முதல் 300 லூமன் (லைட் வெளியிடும் மொத்த வெளிச்சத்தின் அளவு), தலை லைட் 100 லூமன் இருந்தால் தாராளம். 4000 முதல் 5000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண்; குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்) வரையிலான வெளிச்சமாகப் பார்த்து வாங்குங்கள். மலிவு லைட்டுகளின் நீலம் கலந்த வெள்ளையில் பழுப்பும் மண் நிறமும் ஒன்றாகத் தெரியும். மார்கழிப் பனியில் தலை லைட்டை அணைத்துவிடுங்கள்; பனித்துளியில் பட்டுத் திரும்பும் ஒளி நேராக உங்கள் கண்ணுக்கே வரும். எந்த லைட் இருந்தாலும் முழங்கால் வரை பூட்ஸும் கையில் கம்பும் அவசியம்.

கேள்வி: பன்றிக் காவலுக்கு, ‘ஹண்டிங் டார்ச், 1 கிலோமீட்டர் பாயும்’ என்று விற்பதை வாங்கலாமா? (வாசகர், பொள்ளாச்சி)

ஒளி எவ்வளவு தூரம் பாயும் என்பதை லூமன் சொல்லாது, ஒரு திசையில் கற்றை எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதற்கான அளவான கேண்டெலாதான் சொல்லும். கேண்டெலா எண்ணின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம் கிடைக்கும். 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர்; 1 கிலோமீட்டருக்கு 2,50,000 வேண்டும். அந்தக் கடைசி இடத்தில் விழுவதும் முழுநிலவு அளவு வெளிச்சம்தான். அடையாளம் தெரிய வேண்டுமென்றால் சொன்ன தூரத்தில் பாதியைக் கணக்கில் வையுங்கள். இரண்டு மூன்று ஏக்கருக்கு 10,000 கேண்டெலா போதும்.

வேட்டைக்கென்று செய்த டார்ச்சில் கற்றை குறுகலாக இருக்கும். தூரம் தெரியும், காலடி இருட்டாகிவிடும். காவலுக்கு வேண்டியது, பல்பைச் சுற்றிப் பளபளக்கும் கிண்ணம் (ரிஃப்ளெக்டர்) வைத்து, நடுவில் கூர்மையும் சுற்றிலும் மங்கலான பரவலும் தரும் வகை. இழுத்துச் சுருக்கும் ஜூம் டார்ச்சைத் தவிர்த்துவிடுங்கள். தலைப்பகுதி ஒவ்வொரு முறை நகரும்போதும் ஈரக்காற்றை உள்ளே இழுத்து, மழைக்காலத்தில் லென்ஸின் உட்புறம் பூத்துப்போகும்.

சில டார்ச்சுகளில் கூடவே வரும் சிவப்பு விளக்கு நம் கண்ணின் இருட்டுப் பழக்கத்தைக் கெடுக்காது. வெள்ளை ஒளியில் இழந்த அந்தப் பழக்கம் முழுதாகத் திரும்ப 20, 30 நிமிடம் ஆகும் என்பதால் காவல் பரணில் அது நல்லதுதான். ஆனால் சிவப்பில் நடக்காதீர்கள். ஸ்டார்ட்டர் பெட்டியையும் திறக்காதீர்கள். சிவப்பு, மஞ்சள் ஒயர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

விரட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அனுமதியில்லாமல் வேட்டையாடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பன்றி திரும்பி வந்தால் டார்ச் அடிப்பவர்தான் முதலில் அடிபடுவார். மேட்டிலோ பரணிலோ நின்று அடியுங்கள். யானை என்றால் ஒளி அடித்துச் சீண்டாமல் பின்வாங்கி வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: 9900 எம்ஏஹெச் என்று போட்ட 18650 பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ஏன்? (வாசகர், திருவண்ணாமலை)

அந்த எண் பொய். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளத்துக்குள் நல்ல பேட்டரியிலேயே சுமார் 3,500 எம்ஏஹெச்தான் (பேட்டரி தேக்கும் மின்சாரத்தின் அளவு) அடங்கும். எடை போட்டால் தெரிந்துவிடும். நல்லது பெரும்பாலும் 45 கிராமுக்குக் குறையாது. அதைவிட மிக லேசாக இருந்தால் உள்ளே சின்ன பேட்டரி இருக்கலாம். உறை கிழிந்ததையும் உப்பியதையும் சார்ஜ் போடவே கூடாது.

கேள்வி: விடியும் முன் மல்லிகை பறிக்கிறோம். தலை லைட்டால் முகமெல்லாம் பூச்சி, கழுத்து வலி வேறு. (வாசகி, நிலக்கோட்டை)

மஞ்சள் கலந்த வெளிச்சம், அதுவும் குறைந்த அளவில் வையுங்கள். பூச்சி வருவது குறையும். பறிப்பது கை எட்டும் தூரம்தானே, 30 முதல் 50 லூமன் போதும். கழுத்து வலிக்கு, பேட்டரிப் பெட்டி பின்தலையில் இருக்கும் மாடலோ, ஒயரோடு இடுப்பில் செருகும் மாடலோ பாருங்கள். லைட்டைக் கீழே சாய்க்கும் கீல் இல்லாவிட்டால் நீங்கள்தான் கழுத்தைச் சாய்த்தாக வேண்டும். கடையிலேயே சாய்த்துப் பார்த்து வாங்குங்கள். வியர்வையில் நனையும் பட்டையைக் கழற்றித் துவைக்க முடிகிறதா என்றும் கேளுங்கள்.

கேள்வி: கரண்டில் சார்ஜ் போடும் பெரிய டார்ச், ஆறு மாதத்தில் செத்துவிடுகிறது. (வாசகர், விருத்தாசலம்)

உள்ளே 4 வோல்ட் ஈய அமில பேட்டரி இருந்தால், சார்ஜ் தீர்ந்த நிலையில் போட்டு வைப்பதுதான் காரணம். தகடுகளில் சல்பேட் கட்டிவிடும். பயன்படுத்திய அன்றே சார்ஜ் போடுங்கள், பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒருமுறை போடுங்கள்.